உலைக்குள் ஆள் இல்லை

டோர்ட்மண்ட், ஜெர்மனி
5 அக்டோபர் 2025

மாதேசு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் இல்லை. ஆபீஸ் மெயிலில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள். அதனால் உன் சொந்த மெயிலுக்கு எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

சின்னராஜண்ணன் போய்விட்டார் என்பது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? விபத்து அறிக்கையில். "ஒப்பந்த ஃபிட்டர் ஒருவர், கெலமங்கலம்" என்று இருந்தது. யாரோ என்று நினைத்துக் கீழே வந்தால் அவர் பெயர். கூடப் பிறந்த தம்பி ஒருத்தன் அதே ஃபேக்டரி சர்வர் ரூமில் உட்கார்ந்திருக்கிறான், அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை அவனுக்கு.

நான் பர்கூர் காலேஜில் சேர்ந்த அன்றைக்கு அப்பா எந்தக் கடை வாசலில் கிடந்தாரோ தெரியாது. பக்கத்து வீட்டு சின்னராஜண்ணன்தான் என் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஹாஸ்டலில் கார்டியன் என்ற இடத்தில் கோணல்மாணலாக அவர் கையெழுத்துதான் இருந்தது. அவர் சாவை நான் கம்பெனி மெயிலில் படிக்கிறேன்.

இப்போது வேலை விஷயம். ஓசூர் டேட்டாபேஸில் பதிவாவது ஒவ்வொன்றும் உடனே இங்கே நகலாக வேண்டும். உனக்கும் எனக்கும் அதற்குத்தான் சம்பளம். ஆனால் இங்கே இருக்கும் நகல் செப்டம்பர் முப்பதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பதிவுகூட வரவில்லை. அண்ணன் உலைக்குள் இறங்க பர்மிட் போட்டதாக இங்கே எதுவுமே கிடையாது. இதை வைத்துத்தான் அறிக்கையில் "அனுமதி பெறாமல் உள்ளே நுழைந்தார்" என்று எழுதியிருக்கிறார்கள். திரையில் இணைப்பு இந்த நிமிஷம் வரை பச்சையாக எரிகிறது.

அங்கே என்ன இருக்கிறது பார். பிங் போகிறதா, போர்ட் திறந்திருக்கிறதா, கடைசியாக எது கிளம்பியது. எனக்கு எழுது.

சௌமியா

*

ஓசூர்
7 அக்டோபர் 2025

அக்கா,

உனக்குப் போன் பண்ணி என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அண்ணன் செத்துட்டாரு, அங்க குளிரா எப்பிடி"ன்னா? ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஆம்புலன்ஸில் கூட உட்கார்ந்து கெலமங்கலம் போனேன். அடக்கம் முடித்துவிட்டு வந்து மெயிலைத் திறந்தால், பிங் போகிறதா என்று கேட்கிறாய். போகிறது தாயே. ரொம்ப நன்றாகப் போகிறது.

நடந்ததைக் கேள். பூஜை லீவில் உலை ஆறிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை, திரும்பப் பற்றவைப்பதற்கு முன்னால், உள்ளே பெயர்ந்துபோன செங்கலை மாற்ற அண்ணனை அனுப்பினார்கள். அவர் உலை வாசலில் இருக்கிற டேப்லெட்டில் பேரைப் போட்டு, கைரேகை வைத்து, பர்மிட் வாங்கிக்கொண்டுதான் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் உங்கள் ஊர் கன்ட்ரோல் ரூம் அங்கிருந்தபடியே நைட்ரஜன் வால்வைத் திறந்துவிட்டது. அது உள்ளே இருக்கிற காற்றைத் தள்ளிவிடும், அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. வெளியே நின்றவர் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல், டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். அண்ணன் சாந்து பூசுகிற கொல்லுக்கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம், டீ வரட்டும் என்று உட்கார்ந்த மாதிரி.

முன்னெல்லாம் வால்வுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார்கள். உங்கள் சிஸ்டம் வந்ததும், பர்மிட் இருந்தால் வால்வு தானாகவே திறக்காது, பூட்டு எதுக்கு, ரெட்டை வேலை என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

பர்மிட் இருக்கிறது அக்கா. ஓசூர் டேட்டாபேஸில் என் கண்ணால் பார்த்தேன். அவர் பெயர், உலை நம்பர், இறங்கிய நேரம் எல்லாம் இருக்கிறது. உன் பக்கம்தான் வரவில்லை.

நேற்று பிளான்ட் ஹெட் விஜயகுமார் சார் செல்வம்மாள் அண்ணியைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் பர்மிட் போடாம எறங்கிட்டாரும்மா, சட்டப்படி நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். அண்ணி அழவில்லை. என் பக்கம் திரும்பி, "என்னாடா மாதேசு இது, கேக்காம கொள்ளாம அவுரு அடுத்த ஊட்டுத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாரே, நெருப்புக் குழியில எறங்குவாராடா?" என்றார். அண்ணிக்கு நான் என்னவென்று சொல்ல? அவருக்குப் புரிகிற மாதிரி நீயே எழுது. இங்கிலீஷ் மேனுவலை எனக்கு அனுப்பாதே.

மாதேஷ்

*

டோர்ட்மண்ட்
9 அக்டோபர் 2025

மாதேசு,

கண்டுபிடித்துவிட்டேன். அண்ணியிடம் இப்படிச் சொல்.

ஓசூரிலிருந்து இங்கே வருவது ஒரே லைன்தான், ஆனால் அதில் பல பேச்சு தனித்தனியாக ஓடுகிறது. வால்வைத் திற, மூடு என்பது ஒரு பேச்சு. பதிவுகளை நகலெடுப்பது இன்னொரு பேச்சு. நடுவில் ஃபயர்வால் என்று ஒரு வாட்ச்மேன் இருக்கிறான். ரொம்ப நேரம் சத்தமே வராத பேச்சை அவன் முடிந்துபோனதாக நினைத்து மூடிவிடுவான். மூடியதை இந்தப் பக்கமும் சொல்ல மாட்டான், அந்தப் பக்கமும் சொல்ல மாட்டான். ஓசூர் பதிவை அனுப்பும், இவன் வாங்கிக் கீழே போடுவான். இங்கே நகல், "அங்கே ஒன்றும் நடக்கவில்லை போலிருக்கிறது" என்று சும்மா காத்துக்கொண்டிருக்கும். பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். பிங்கும் போகும், வால்வும் வேலை செய்யும், அந்த ஒரு பேச்சு மட்டும் செத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை கன்ட்ரோல் ரூம் ப்ரோகிராம் எப்போதும் போல நகலைப் பார்த்தது. உலைக்குள் ஆள் இல்லை என்று இருந்தது. திறந்துவிட்டது. அன்றைக்கு இந்த நாட்டுக்கே லீவு. திரையை ஒருவரும் பார்க்கவில்லை. நான் ஒரு தோழி வீட்டில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. பேச்சு அப்படிச் சத்தமில்லாமல் போகக் கூடாது என்றுதானே அங்கே ஹார்ட்பீட் வைத்திருக்கிறோம்? ஒரு வேலையும் இல்லாவிட்டாலும் "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று ஒரு வரி போய்க்கொண்டே இருக்க வேண்டும். அது ஓடியிருந்தால் வாட்ச்மேன் கை வைத்திருக்க மாட்டான். யாராவது அதை நிறுத்தினார்களா? அது யார் என்று மட்டும் பார்த்துச் சொல்.

சாப்பிடுகிறாயா இல்லையா?

சௌமியா

*

ஓசூர்
11 அக்டோபர் 2025

அக்கா,

பார்க்கத் தேவையில்லை. நான்தான்.

முப்பதாம் தேதி, லீவுக்கு முந்தின நாளே, சர்வர் ரூமில் ஆயுத பூஜை. ரேக்குக்கெல்லாம் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். கீழே ஷாப் ஃப்ளோரில் லேத்திலிருந்து ஸ்பானர் வரைக்கும் சாமி முன்னால் வைத்தாயிற்று. விஜயகுமார் சார் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமி முன்னாடி வெச்சதுக்கப்புறம் எதுவும் ஓடக்கூடாது மாதேஷ், அதுகளுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வேணாமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு ஜாபாக நிறுத்தினேன். ஹார்ட்பீட்டையும் நிறுத்தினேன். அது ஓடுகிறபோது நான் மட்டும் லீவு போனால் சாமி குத்தம் என்று எனக்கும் தோன்றியது. வருஷாவருஷம் செய்வதுதான்.

மூன்றாம் தேதி வந்து எல்லாவற்றையும் திரும்ப ஓட்டினேன். வாட்ச்மேன் அதற்குள் அந்தப் பேச்சை மூடிவிட்டது எனக்குத் தெரியாது, திரை பச்சை. சந்தனம் காய்ந்து கீபோர்டில் உதிர்ந்திருந்தது, ஊதித் தள்ளினேன். அப்போது அண்ணன் அந்தப் பக்கம் ஹெல்மெட்டோடு போனார். "என்னாடா, உன் சாமிங்கெல்லாம் எந்திரிச்சுதா?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டார். எந்திரிச்சிருச்சுண்ணா என்றேன்.

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. நான் சொன்ன பதிலை நினைத்தால் சோறு இறங்கவில்லை. சாப்பிடுகிறாயா என்று இனிமேல் கேட்காதே.

நிறுத்தியவன் பெயர், மூன்றாம் தேதி திரும்ப ஓட்டியபோதுதான், என்னுடைய லாகினோடு அங்கேயே பதிவாகியிருக்கிறது. அண்ணனுடைய பர்மிட் இருக்கிற அதே டேட்டாபேஸில்.

மாதேஷ்

*

டோர்ட்மண்ட்
14 அக்டோபர் 2025

மாதேசு,

இதை யாரிடமும் காட்டாதே. படித்ததும் அழித்துவிடு.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஓசூரும் இங்கே உள்ள நகலும் ஒத்துப்போகவில்லை, ஆகவே இனி இங்கே இருப்பதுதான் மூலம், ஓசூர் டேட்டாபேஸைத் துடைத்துவிட்டு இதிலிருந்து புதிதாகக் கட்டு என்கிறார்கள். உனக்கும் அது வந்திருக்கும். நம் பேக்கப் எல்லாமே இந்த நகலிலிருந்து எடுப்பதுதான், அதனால் வேறு எங்கும் மிச்சம் இருக்காது.

செய்துவிடு.

நீ திட்டுவாய் என்று தெரியும். ஆனால் யோசி. அண்ணன் பர்மிட் போட்டார் என்று காட்டப் போனால், பிறகு ஏன் இங்கே வரவில்லை என்று கேட்பார்கள். ஏன் வரவில்லை என்று பார்த்தால் உன் பெயர் வரும். விஜயகுமார் சொல்லித்தான் நிறுத்தினேன் என்று நீ சொல்வாய், நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அவர் சொல்வார். அவருக்கு வக்கீல் இருக்கிறார், உனக்கு யார் இருக்கிறார்கள்? போலீஸ் ஒருத்தனைத் தேடினால் உன்னைத்தான் பிடிக்கும். உனக்குக் கல்யாணம் பேசுகிற நேரம் இது. அம்மா இருக்கிற இருப்பில் இதைத் தாங்க மாட்டாள்.

அண்ணன் திரும்பி வரப்போவதில்லை. அண்ணியை நாம் பார்த்துக்கொள்ளலாம், நான் சாகிற வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறவனை ஜெயிலுக்கு அனுப்பி என்ன சாதிக்கப் போகிறோம்?

உத்தரவைச் செய்வது குற்றமில்லை மாதேசு. செய்துவிட்டு ஒரு வரி எழுது.

சௌமியா

*

ஓசூர்
17 அக்டோபர் 2025

அக்கா,

ரெண்டு நாள் உன் கடிதத்தைத் திறந்து திறந்து மூடினேன். "அண்ணியை நாம் பார்த்துக்கொள்ளலாம்." அடடா. அண்ணிக்கு வேண்டியது நம்முடைய தயவா? அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "எம் புருசன் திருட்டுத்தனமா எறங்கலன்னு எழுதிக் குடுங்கடா." தெருவில் போகிற வருகிறவன் எல்லாம், பாவம், குடித்துவிட்டு இறங்கினாரோ என்னவோ என்று பேச ஆரம்பித்துவிட்டான். குடிக்கவே தெரியாத மனுஷனை.

இன்னொன்று. போன வருஷமும் பூஜைக்கு ஹார்ட்பீட்டை நிறுத்தினேன். அதற்கு முந்தின வருஷமும் நிறுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. இந்த வருஷம் மட்டும் ஏன் என்று உட்கார்ந்து யோசித்தேன். அப்போதெல்லாம் உன் பக்கத்து நகல் கொஞ்ச நேரம் பார்க்கும், சத்தம் வராவிட்டால் தானே அறுத்துக்கொண்டு புதிதாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஜூன் மாசம் நீ எனக்கு மெயில் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "லைன் அடிக்கடி விட்டுவிட்டு அலாரம் அடித்து உயிரை வாங்குகிறது, இந்தப் பக்கம் காத்திருக்கும் நேரத்தை நாள்கணக்கில் கூட்டிவிட்டேன்" என்று. சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தாய்.

யாரை அக்கா காப்பாற்றுகிறாய்? என்னையா?

நான் துடைக்கப் போவதில்லை. உத்தரவுக்குப் பதிலாக, சர்வரில் டிஸ்க் கோளாறு, தீபாவளி கழித்துச் செய்கிறேன் என்று எழுதிவிட்டேன். புதன்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். அவரை நேராக சர்வர் ரூமுக்குக் கூட்டிப் போய், ஓசூர் டேட்டாபேஸைத் திறந்து, அண்ணன் பேரையும் காட்டுவேன், என் பேரையும் காட்டுவேன். போனை ஃபேக்டரி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், பென்டிரைவ் போட வழியில்லை. போட்டோ எடுத்தாலும் நானே செய்தது என்பார்கள். அவரே கண்ணால் பார்க்கட்டும்.

லைனைச் சரி செய்துவிட்டேன். ஹார்ட்பீட் ஓடுகிறது. வாட்ச்மேனுக்கும் சொல்லியாயிற்று, இனி இந்தப் பேச்சை அவன் மூட மாட்டான். விசாரணைக்காக உன் பக்கத்து நகலை முப்பதாம் தேதியோடு பூட்டி வைத்திருக்கிறார்கள், அந்தப் பூட்டைத் திறந்த பிறகு ஒருத்தன் இறங்கினால் உங்களுக்குத் தெரியும்.

நீயும் உண்மையைச் சொல்லிவிடு அக்கா. ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்வோம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ கூட இருந்தால் கொஞ்சம் குறையும்.

மாதேஷ்

*

டோர்ட்மண்ட்
21 அக்டோபர் 2025

மாதேசு,

நேற்று தீபாவளி. நீ ஊரில் அம்மாவோடு இருந்திருப்பாய். பிளான்ட் மூடிக் கிடந்தது.

நான் இங்கிருந்து செய்துவிட்டேன்.

ஓசூர் டேட்டாபேஸைத் துடைத்து, இந்த நகலை அங்கே ஏற்றிவிட்டேன். இவ்வளவு தூரம், இவ்வளவு பெரிய டேட்டா, நடுவில் எங்காவது அறுந்துவிடும், அறுந்தால் விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட அறவில்லை. நீ லைனை அவ்வளவு நன்றாகச் சரி செய்து வைத்திருக்கிறாய்.

துடைப்பதற்கு முன்னால் அண்ணனுடைய பதிவைத் திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் செய்தேன்.

உன்னை மட்டும் காப்பாற்றச் செய்தேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், நம்பவும் வேண்டாம். எனக்கும் பயம். இந்த வேலை போனால் விசா போகும், விசா போனால் எல்லாம் போகும். ஆனால் நீ கைவிலங்கோடு கோர்ட்டு வாசலில் நிற்பது என் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. அதுவும் பொய்யில்லை.

புதன்கிழமை ஒன்றும் பேசாதே. வாயைத் திறக்காதே, உன் கால்களைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா

*

கெலமங்கலம்
26 அக்டோபர் 2025

சௌமியா,

உன் கடிதத்தை நான் புதன்கிழமை ராத்திரிதான் பார்த்தேன். அதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆய்வாளரை சர்வர் ரூமுக்குக் கூட்டிப் போனேன். விஜயகுமார் சாரும் பின்னாலேயே வந்தார். "சார், இப்ப பாருங்க" என்று சொல்லித் திறந்தேன். மூன்றாம் தேதி இல்லை. முப்பதாம் தேதியோடு நின்றது, அதற்குப் பிறகு நீ ஏற்றிய நாள்தான். நான் மேலே போனேன், கீழே போனேன், வேறு டேபிளைத் திறந்தேன். அவசரத்தில் பாஸ்வேர்டு தப்பாகப் போனது. ஆய்வாளர் நல்ல மனுஷன், பொறுமையாக நின்றார்.

"பதிவு எங்கப்பா?" என்றார்.

"இருந்துச்சு சார். நான் பார்த்தேன். ஹார்ட்பீட்ட நிறுத்தினது நான்தான் சார், அதனாலதான் ஜெர்மனிக்குப் போவல. எம் பேரும் இதுலயே இருந்துச்சு."

"இப்ப உன் பேரும் இல்லையே தம்பி."

விஜயகுமார் சார் என் தோளில் கை போட்டார். "இறந்தவர் இவங்களுக்கு ரொம்ப வேண்டியவர் சார். அந்தத் துக்கத்துல என்னென்னவோ பேசறான். பாவம், ஒரு வாரம் லீவு குடுத்திருக்கணும்" என்றார். ஆய்வாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் செய்தேன், நான்தான் செய்தேன் என்று கத்தினேன். தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருத்தரும் நம்பவில்லை. அறிக்கையில் அதே வரிதான் நிற்கிறது. அனுமதி பெறாமல் உள்ளே நுழைந்தார்.

நீ நினைத்தபடி நான் தப்பித்துவிட்டேன். சந்தோஷமா?

அன்றைக்கே அண்ணி வீட்டுக்குப் போனேன். "என்னாடா ஆச்சு, ஆபீசர் பாத்தாரா?" என்றார். இல்லை அண்ணி, அழிந்துபோச்சு என்றேன்.

"தானா அழியுமா?"

"அழிச்சிட்டாங்க."

"யாரு?"

சொல்லிவிட்டேன். அண்ணிக்கு முதலில் விளங்கவில்லை. அடுப்பில் வைத்ததை இறக்கிக் கீழே வைத்துவிட்டு வந்து, "எந்த சௌமியா? நம்ம சௌமியாவா? பொட்டியத் தூக்கிட்டுப் போயி கையெழுத்துப் போட்டுச் சேத்துட்டு வந்தாரே, அந்தப் பொண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அன்னிக்கு வந்து, எம் பொண்ணு பெரிய எஞ்சினீயரு ஆவப்போவுதுன்னு ஊரெல்லாம் சொன்னாருடா" என்றார். அப்புறம் எழுந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். நான் ரொம்ப நேரம் வாசலில் நின்றேன். வெளியே வரவில்லை.

வேலையை விட்டுவிட்டேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இனிமேல் எனக்கு எழுதாதே. நீ எழுதினால் நான் திறக்க மாட்டேன்.

மாதேஷ்

*

டோர்ட்மண்ட்
2 நவம்பர் 2025

மாதேசு,

பதில் வேண்டாம். இருக்கிறேன் என்று சொல்லத்தான்.

அக்கா

*

டோர்ட்மண்ட்
9 நவம்பர் 2025

இருக்கிறேன்.

*

டோர்ட்மண்ட்
16 நவம்பர் 2025

இருக்கிறேன். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

*

டோர்ட்மண்ட்
14 டிசம்பர் 2025

மாதேசு,

செல்வம்மாள் அண்ணிக்குத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். கையால் எழுதினேன். அண்ணன் பர்மிட் போட்டார், நான் பார்த்தேன், நான்தான் அழித்தேன், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்ததும் நான்தான் என்று எல்லாவற்றையும் எழுதி, தேதி போட்டு, முழுப் பெயரில் கையெழுத்தும் போட்டிருந்தேன். நேராக ஆய்வாளருக்கு அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணி கையில் கொடுத்துவிட்டால் அவர் இஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

நேற்று அது என் தபால்பெட்டியில் கிடந்தது. உறை பிரிக்கவே இல்லை. மேலே நீல மையில், "பெற மறுத்துவிட்டார்" என்று தமிழில் எழுதியிருக்கிறது. கெலமங்கலம் போஸ்ட்மேன் எழுத்தாக இருக்கும்.

உனக்கு அனுப்புகிற மெயில் எதுவும் திரும்பி வருவதில்லை. ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்துவிட்டதாகத்தான் இங்கே காட்டுகிறது.

அக்கா